அளவாய் ஓர் அருவி

கொல்லைப்புறத்தில் ஒரு சிறு குளம் வெட்டி, அதன் தலைமாட்டில் கற்களை அடுக்கி, மேலிருந்து நீர் விழச் செய்வது என்று நாங்கள் முடிவெடுத்தபோது, அதை ஒரு வார வேலை என்றே எண்ணியிருந்தோம். குளம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. அந்த அருவிக்கு ஏற்ற பம்பைக் கண்டடைய நான்கு மாதங்கள் ஆயின. இடையில் ஓர் இரவு, நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு ஒரு முதியவரை நாங்கள் எப்படி அச்சுறுத்தினோம் என்பதும் இந்தக் கதையில் அடங்கும்.

குளம் அம்மாவுக்காக. சேரன்மகாதேவிக்கு அருகே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள சிற்றூர் ஒன்றில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர் அவர். வீட்டின் பின்கதவைத் திறந்தால் வாய்க்கால். பாத்திரம் துலக்குவதும் துணி அலசுவதும் அதன் படியில்தான். அப்பாவின் மறைவுக்குப் பின் கோவையில் எங்களோடு வந்து தங்கிய அம்மாவுக்குப் பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில்தான் உறக்கம் வரவில்லை. நள்ளிரவில் எழுந்து கட்டிலில் அமர்ந்துகொண்டு, "ஏல, வாய்க்கால்ல தண்ணி விடலையா?" என்பார். மறதி நோயாக இருக்குமோ என்று அஞ்சி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அப்படி ஒன்றும் இல்லை என்றார். அரைத்தூக்கத்தில் காது பழைய ஓசையைத் தேடுகிறது, அவ்வளவே. அந்த ஓசையைக் கொல்லையிலேயே உண்டாக்கித் தந்தால் என்ன என்று தோன்றியது.

ஆறடி நீளம், நான்கடி அகலம், ஒன்றரையடி ஆழம். முப்பத்தாறு கன அடி என்றால் ஏறத்தாழ 1000 லிட்டர். சிமெண்டுப் பூச்சின் சுண்ணாம்பு நீங்க இருமுறை நீர் நிரப்பி வடித்தோம். தலைமாட்டில் கற்களை அடுக்கி, உச்சியில் ஒரு சிறு தொட்டி அமைத்து, அதன் வாயில் 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கடப்பைக் கல் ஒன்றைச் சற்றே முன்தள்ளிப் பதித்தோம். நீர் வழிய வேண்டிய விளிம்பு அதுதான். குளத்து நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரை நான்கடி. தமிழ் படித்தவர்களுக்கு அருவியைப் பற்றி மணிக்கணக்கில் பேச வரும். ஓர் அருவிக்கு எத்தனை நீர் வேண்டும் என்ற கேள்வி மட்டும் எங்களுக்கு எழவேயில்லை.

பம்பு உற்பத்திக்குப் பேர்போன கோவையில் பம்புக் கடைக்கா பஞ்சம்? "எத்தனை ஹெச்.பி. வேணுங்க?" என்றார் கடைக்காரர். சிறு குளம், நான்கடி உயரம் என்று சொன்னோம். "சின்னதா வாங்கீட்டு அப்புறம் வருத்தப்படாதீங்க சார். கொஞ்சம் பெருசாவே போட்டுருங்க" என்று அரைக் குதிரைத்திறன் ஓப்பன்வெல் மோட்டார் ஒன்றைக் காட்டினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. கிணற்றிலிருந்து மாடித் தொட்டிக்கு நீரேற்றுவோரிடம் நாள்தோறும் சொல்வதைத்தான் எங்களிடமும் சொன்னார். பெரிதாக இருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் எங்களுக்கும் இருந்தது.

அன்று மாலை மோட்டாரை ஓட்டினோம். மேல்தொட்டி நொடிகளில் பொங்கியது. விளிம்பைத் தாண்டிக் குதித்த நீர் குளத்தின் நடுவே அறைந்தது. பக்கக் கற்களின் இடுக்குகளிலும் வழிந்தது. ஆனாலும் பார்க்கக் கம்பீரமாக இருந்தது. குற்றாலமே வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மகிழ்ச்சியில் இரவும் ஓடட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்தோம்.

இரண்டு மணி இருக்கும். அம்மாவின் குரல் கேட்டு ஓடினோம். இருட்டில் சுவரைப் பற்றியபடி நின்றிருந்தார். "ஆத்துத் தண்ணி உள்ள வந்துட்டுல. எல்லாரும் மேல ஏறுங்க. குலுக்கையில நெல்லு நனைஞ்சிரும்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். உடல் நடுங்கியது. விளக்கைப் போட்ட பின்பும், மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்ட பின்பும், அவர் இந்த வீட்டுக்குத் திரும்பிவரச் சற்று நேரம் பிடித்தது.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தபோது, அம்மா பக்கத்து வீட்டு மாடியில் ஓர் இரவு முழுவதும் நின்றவர். அது பற்றி அதிகம் பேசியதில்லை. 2023 டிசம்பரில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மிதந்த நாட்களில்கூடத் தொலைக்காட்சியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கேட்டது வாய்க்காலின் ஓசை. நாங்கள் கொடுத்தது வெள்ளத்தின் ஓசை. இரண்டும் அதே ஆற்றின் நீர்தான். அளவுதான் வேறு. இதை நாங்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

காலையில் பார்த்தபோது குளத்தில் நான்கு விரற்கடை நீர் குறைந்திருந்தது. அத்தனையும் தெறித்தே போயிருக்கிறது. ஒரு வாளியை வைத்து அளந்தோம். பதினைந்து லிட்டர் வாளி ஏழு நொடிகளில் நிரம்பியது. மணிக்கு 7700 லிட்டர். குளத்து நீர் முழுவதையும் எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கி எறிந்துகொண்டிருந்திருக்கிறோம். போதாததற்கு, அதிக உயரத்துக்கென வடிவமைத்த மோட்டாரை இவ்வளவு குறைந்த உயரத்தில் ஓட்டினால் அது அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும் என்பதையும் பின்னர் அறிந்தோம்.

அச்சப்பட்டவர்கள் மறு எல்லைக்கு ஓடுவது இயல்பு. அடுத்து நாங்கள் வாங்கியது ஏர்கூலரில் போடும் சிறு பம்பு. 18 வாட். பெட்டியின் மீது 1.85 மீட்டர் உயரம் என்றும், மணிக்கு 1100 லிட்டர் என்றும் அச்சிட்டிருந்தது. எங்களுக்குத் தேவையான உயரம் 1.2 மீட்டர்தானே, தாராளமாகப் போதும் என்று கணக்கிட்டோம். அரை அங்குல ஓஸில் ஏறிய நீர் விளிம்புக்கு வந்தது, ஆனால் விழவில்லை. கல்லின் அடிப்பக்கத்தை நக்கிக்கொண்டு பின்புறமாக ஒழுகி, அடுக்கிய கற்களுக்குள் மறைந்தது. சாய்த்த செம்பின் கழுத்தை ஒட்டிக்கொண்டு நீர் வழியுமே, அது போல. ஓசை என்று ஒன்றுமே இல்லை. வாளி நிரம்ப இரண்டேகால் நிமிடம் ஆயிற்று. மணிக்கு 400 லிட்டர்.

பெட்டி பொய் சொல்லவில்லை. அதை வாசிக்க எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பர் ஒருவர் விளக்கிய பிறகே புரிந்தது. பெட்டியின் மேலிருக்கும் இரண்டு எண்களும் தனித்தனி உண்மைகள். 1100 லிட்டர் என்பது சிறிதும் மேலேற்றாமல் நீரைத் தள்ளும்போது கிடைப்பது. 1.85 மீட்டர் என்பது நீர் ஏறி நின்றுவிடும் உயரம். அங்கே வரத்து சுழியம். இரண்டுக்கும் இடையில் ஒரு வளைகோடு இறங்கிச் செல்கிறது. உயரம் ஏற ஏற நீர் குறையும். பம்பு தன் உச்ச உயரத்தில் பாதியை ஏறும்போது, பெட்டியில் சொன்ன நீரில் ஏறக்குறைய பாதியிலிருந்து எழுபது விழுக்காடு வரையே எஞ்சும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது இரண்டு எண்களையும் அல்ல. நமது உயரத்தில் எவ்வளவு நீர் என்று சொல்லும் அந்தக் கோட்டை. நல்ல பம்புகளின் கையேட்டில் அது வரைபடமாகவே இருக்கும்.

அந்த உயரத்தை அளப்பதிலும் பலர் தவறுகிறார்கள். பம்பு குளத்தின் அடியில் கிடப்பதால் அடியிலிருந்து அளக்கத் தோன்றும். அது தேவையில்லை. சுற்றியுள்ள நீரே நீர்மட்டம் வரை தாங்கிக் கொடுத்துவிடுகிறது. நீர்மட்டத்திலிருந்து விளிம்பு வரைதான் ஏற்றம்.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். "நீங்கள் பம்பிலிருந்து தொடங்குகிறீர்கள். விளிம்பிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு நீர் விழ வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதன்பின் கீழே இறங்கி வாருங்கள்." அருவி அமைப்பவர்களிடையே வழங்கும் கைக்கணக்கு ஒன்று உண்டு: விளிம்பின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்கு 150 லிட்டர். எங்கள் விளிம்புக்கு அது 3000 லிட்டர். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போயிருப்போம். ஆனால் அந்த இரவு நினைவிருந்தது. கேட்கப் போகிறவர் அம்மா. முடிவும் அவருடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாடித் தொட்டியிலிருந்து தடித்த ஓஸ் ஒன்றை இறக்கி மேல்தொட்டியில் விட்டோம். நடுவில் ஒரு வால்வு. அம்மா பின்தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்துகொண்டார். வால்வை முழுதும் திறந்தோம். முகம் சுருங்கியது. "அடைங்க." சிறிது அடைத்தோம். "இன்னுங் கொஞ்சம்." இன்னும் அடைத்தோம். கண்ணை மூடிக்கொண்டார். நீர் ஒரு மெல்லிய துணிபோல விளிம்பிலிருந்து இறங்கியது. "கொஞ்சம் திற. ம். இதான். நம்ம கால்ல இந்த மாதிரிதான் பேசும்."

அப்போதே வாளியை வைத்து அளந்தோம். இருபத்தேழு நொடிகள். மணிக்கு 2000 லிட்டர். கைக்கணக்கு சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு.

அந்த வால்வைத் திருகித் திருகி அடைத்தபோது ஒன்று புலப்பட்டது. விளிம்பில் நீரின் தடிமன் கொஞ்சம் மாறினாலே ஓசை பெரிதும் மாறிவிடுகிறது. விளிம்புக்கு மேல் நீரின் உயரம் இருமடங்கானால், வழியும் நீர் இருமடங்காவதில்லை, ஏறத்தாழ 2.8 மடங்காகிறது என்பது நீரியல் விதி. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் இத்தகைய விளிம்புகள்தாம். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் தொடங்கித் திருவைகுண்டம் வரை, ஒவ்வொன்றும் ஆற்றை அடைத்து நிறுத்துவதற்கல்ல. நீரைச் சற்றே உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேலே வழிய விடுவதற்கு. கல்லுக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்தே வரத்தைச் சொல்லிவிட முடியும். ஒரு சாண் ஏறினால் ஊருக்கு என்னவாகும் என்று ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தெரிந்திருந்ததும் இந்தக் கணக்குதான். அம்மா அதை எண்ணாகக் கற்றவரல்லர், காதால் கற்றவர்.

இனி விளிம்பிலிருந்து கீழே இறங்க வேண்டும். 2000 லிட்டர், 1.2 மீட்டர் உயரம். இடையில் இருப்பது குழாய். குழாயின் சுவர் நீரை உரசிப் பிடித்து இழுக்கிறது. அந்த இழப்பையும் உயரமாகவே கணக்கிடுகிறார்கள். எங்களுக்கு மூன்றரை மீட்டர் குழாய் வேண்டியிருந்தது. முக்கால் அங்குலக் குழாய் போட்டால், இந்த அளவு நீருக்கு உரசல் மட்டும் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதாவது நான்கடி அருவி ஏழடிக்கு மேல் உயர்ந்துவிட்டது போல. ஓர் அங்குலம் என்றால் கால் மீட்டர். ஒன்றேகால் அங்குலம் என்றால் பத்து சென்டிமீட்டருக்கும் கீழ். குழாயின் விட்டம் பாதியானால், அதே நீருக்கு உரசல் முப்பது மடங்குக்கு மேல் பெருகும் என்றார் நண்பர். குழாயில் மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாயை ஒவ்வொரு மாதமும் மின்கட்டணத்தில் கொடுத்துக்கொண்டேயிருக்க வேண்டும். ஒன்றேகால் அங்குலமே வாங்கினோம். வளைவுகளின் இழப்பையும் சேர்த்து மொத்தம் 1.4 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம்.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது கையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது: "1.4 மீட்டரில் 2000 லிட்டர்." குதிரைத்திறன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்த முறை போனது மீன்தொட்டிப் பொருள்கள் விற்கும் கடைக்கு. கையேட்டின் வளைகோட்டில் விரலை வைத்துப் பார்த்து, உச்ச உயரம் 3 மீட்டர், உச்ச நீர் 3500 லிட்டர், 60 வாட் என்றிருந்த ஒரு நீர்மூழ்கிப் பம்பைத் தேர்ந்தோம். எங்கள் உயரத்தில் அது 2500 லிட்டர் தரும். அந்த உபரி வேண்டும். வலையில் பாசியும் இலையும் படியப் படிய நீர் குறைந்துகொண்டே வரும். கூடுதலாக இருப்பதை வெளியேறும் குழாயில் ஒரு வால்வு வைத்துக் கட்டுப்படுத்திக்கொள்ளலாம். உறிஞ்சும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் அடைக்கக் கூடாது.

நண்பர் ஒரு காகிதத்தில் போட்டுக்காட்டிய கணக்கு எங்களைத் திகைக்க வைத்தது. மணிக்கு 2000 லிட்டரை 1.2 மீட்டர் உயர்த்த, இயற்கை கேட்கும் விலை ஆறரை வாட்தான். ஓர் எல்.இ.டி. விளக்கைவிடக் குறைவு. உரசலிலும் சிறு பம்புகளுக்கே உரிய விரயத்திலும் அது 60 வாட் ஆகிறது. நாள் முழுதும் ஓடினால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. முதலில் வாங்கிய அரைக் குதிரைத்திறன் மோட்டாரோ 373 வாட் வேலையைத் தர, அதனினும் மிகுதியாக மின்சாரத்தை இழுக்கக்கூடியது. ஆறரை வாட் வேலைக்கு அதைப் பூட்டியிருந்தோம்.

நண்பர்கள் யாரேனும் இப்படி ஒரு குளம் அமைக்க நினைத்தால் இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். நீருக்குள் மின்சாரம் கிடக்கிறது என்பதை மறக்கலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை அந்த இணைப்புக்குக் கட்டாயம் பொருத்துங்கள். அடுத்து, கொசுவுக்கு அஞ்சிக் கப்பி மீன்கள் விட்டோம். புழுக்களை அவை தின்றுவிடுகின்றன. விழும் நீர் மேற்பரப்பைக் கலக்கிக் காற்றை நீரில் கரைப்பதால் மீன்களுக்கும் நல்லது. ஆயிரம் லிட்டர் குளத்து நீர் மணிக்கு ஒருமுறை சுற்றி வந்தாலே போதும் என்பார்கள். எங்களுடையது இருமுறை சுற்றுகிறது.

ஓசையைச் சீராக்க இன்னும் ஒரு வாரம் பிடித்தது. நீரின் குரல் என்று நாம் கேட்பது பெரும்பாலும் நீருக்குள் சிறைப்படும் காற்றுக் குமிழ்களின் குரல். ஆழமான நீரில் விழுந்தால் ஒரு குரல். கல்லில் பட்டுச் சரிந்தால் வேறு குரல். விழுமிடத்தில் ஒரு தட்டைக் கல்லை நீர்மட்டத்துக்குச் சற்றே மேலாக வைத்து, அப்படியும் இப்படியும் நகர்த்தி, அம்மா தலையசைத்த இடத்தில் விட்டோம்.

முதல் இரவு நாங்கள் உறங்கவில்லை. அம்மாவின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. கொல்லையிலிருந்து அந்தத் தாழ்ந்த பேச்சு வந்துகொண்டேயிருந்தது. பதினொரு மணிக்கு அம்மா புரண்டு படுக்கும் ஓசை. பிறகு, "அளவாத்தான் விட்டிருக்கான்" என்றார், யாரிடமும் அல்லாமல். ஊரில் மடையைத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியைச் சொல்கிறார் என்பது புரிய எங்களுக்குச் சிறிது நேரமாயிற்று.

அம்மா இப்போது எல்லா இரவும் உறங்குகிறார் என்று சொல்ல முடியாது. எழுபத்தெட்டு வயதின் உறக்கத்தை எந்தப் பம்பும் திருப்பித் தந்துவிடாது. ஆனால் எழுந்து அமர்ந்து தண்ணீரைக் கேட்பதில்லை. போன மாதம் ஒரு நள்ளிரவில் மின்சாரம் நின்றுபோனது. மின்விசிறி நின்றது, அதனோடு அருவியும் நின்றது. திடுக்கிட்டு விழித்தவர்கள் நாங்கள்தான். இந்த அமைதி அம்மாவை என்ன செய்யுமோ என்று இருட்டில் காத்திருந்தோம். பேட்டரி விளக்கைத் தேடும் அரவம் கேட்டு உள்ளிருந்து குரல் வந்தது.

"அடைச்சிட்டான்ல. இன்னைக்கு மேலூர்க்காரன் முறையா இருக்கும். காலையில திறப்பான், படுங்க."